எட்டு விசிறிக்கு ஒரே கம்பி

மார்ச் 3, செவ்வாய்

இடது கையால் எழுத ஆரம்பித்து இன்றோடு நாற்பத்தோரு நாள். தினமும் அரைப் பக்கமாவது எழுத வேண்டும் என்பது கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் கட்டளை. என்ன எழுதுவது என்று கேட்டேன். "எதையாவது எழுதுங்க, நான் படிக்கப் போறதில்ல" என்றாள். அதனால் இதுவரை பால் வாங்கினேன், தலைவலி, பக்கத்து வீட்டு நாய் என்று பக்கத்தை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது!

ஒரு குஞ்சு பொரிப்பகம். எட்டு அறை, அறைக்கு ஒரு பெரிய விசிறி. ஒவ்வொரு விசிறிக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டி ஒன்று புதிதாக மாட்டியிருக்கிறார்கள். எட்டையும் ஒரே கம்பியில் கோத்து, நடைவழியில் இருக்கும் கன்ட்ரோலரோடு பேச வைக்க வேண்டும். அதுதான் என் வேலை.

முதலாளி என் வலது கையை ஒரு முறை பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கையோட முடியுமா?"

"முடியலன்னா நானே சொல்லிடறேன் சார்."

"சரி. ஒரு ஈடு முட்டை வைப்போம். இருபத்தோரு நாள். ஒழுங்காப் பொரிஞ்சு வெளிய வந்தா வேலை உங்களுக்கு நிரந்தரம்."

பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை, பேரம் பேசிக் கொடுத்தார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மார்ச் 4, புதன்

அண்ணன் போன். காகிதமும் பேனாவும் விற்கும் அவன் கடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறானாம். "பாப்பா, கரண்ட் வேலையே வேணாம்டா உனக்கு. பட்டது போதும்" என்கிறான். நாற்பத்து மூன்று வயதுப் பாப்பா நான். அவன் குரல் கம்மியதும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க மாட்டேன். அதுதான் பயம்.

பழைய கம்பெனியில் நடந்ததை இதுவரை எழுதியதே இல்லை. சுருக்கமாக எழுதி முடித்துவிடுகிறேன். பெட்டிகளைச் சுமந்து போகும் பட்டை. அதன் டிரைவுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் கம்பி விட்டுப்போனது. நிறுத்து என்ற சொல் போய்ச் சேரவில்லை. கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே பட்டை ஓடிக்கொண்டிருந்தது, என் கை அதில் இருந்தது. சரக்கு வண்டி ஓட்டுகிறவர் ஓடி வந்து சிவப்புப் பொத்தானில் அடித்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. மீதி மூன்றும் இருக்கின்றன, பேனாவைத்தான் பிடிக்க மாட்டேன் என்கின்றன. அந்த மனிதர் கால் நிமிஷம் தாமதித்திருந்தால் கையே போயிருக்கும். அவர் பெயரை விசாரிக்கக்கூட எனக்கு அன்று நினைவில்லை.

போதும்.

மார்ச் 5, வியாழன்

இன்று கம்பி இழுத்தேன். இரண்டு இழை, முறுக்கிய கேபிள். கன்ட்ரோலரில் தொடங்கி அறை அறையாகத் தொட்டுக்கொண்டு எட்டாவது அறையில் முடிகிறது. கன்ட்ரோலர் நம்பர் சொல்லிக் கூப்பிடும், அந்த நம்பர் உள்ள டிரைவ் மட்டும் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது மாதிரிதான்.

மாலை வரை ஒன்றுகூட ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கம்பியைப் பார்த்தேன், வேகத்தைப் பார்த்தேன், கன்ட்ரோலரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், கடையிலிருந்து வந்த எல்லாப் பெட்டிக்கும் நம்பர் ஒன்று! எட்டும் ஒரே குரலில் "உள்ளேன் ஐயா" என்றால் வாத்தியாருக்கு என்ன கேட்கும்? பதினெட்டு வருஷம் இந்த வேலை பார்த்தவள் நான். வெட்கக்கேடு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "என் வேன்லயும் ஒரே பேர்ல ரெண்டு வாண்டு இருக்கு. ஒருத்தனைக் கூப்பிட்டா ரெண்டும் இறங்கிடுது" என்று சொல்லிச் சிரித்தார். ஒன்றரை வருஷம் கழித்து இந்த வீட்டில் வேலையைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறோம்.

மார்ச் 6, வெள்ளி

நம்பர் கொடுத்தாயிற்று. எட்டும் பதில் சொல்கிறது. கை வலி. தூங்கப் போகிறேன்.

மார்ச் 7, சனி

அறைகளுக்குப் பொறுப்பாக ஓர் அம்மா இருக்கிறார். எல்லோரும் அடைக்காரம்மா என்கிறார்கள். என் வயதுதான் இருக்கும். அறைக்குள் போனால் ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடி, இமை மேல் வைத்துப் பார்க்கிறார். அரை டிகிரி கூடியிருந்தால்கூட இமைக்குத் தெரிந்துவிடுமாம். சுவரில் வெப்பமானி தொங்குகிறதே என்றேன். "அதுவும் சரியாத்தான் சொல்லும். நான் அதைச் சரிபார்க்கறேன்" என்றார்.

இன்று அவரோடு ஒரு மல்லுக்கட்டு. கம்பி வந்த பிறகு ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் விசிறியைக் கையால் ஓட்டத் திருப்பும் சாவி எதற்கு, எடுத்துவிடலாம் என்றேன். அதை வைத்தால் அறைக்கு நாலு வயர் கூடுதலாக இழுக்க வேண்டும், அதுவும் இந்தக் கையோடு.

"சாவி இருக்கணும்மா."

"எல்லாத்தையும் கன்ட்ரோலரே பார்த்துக்கும்."

"பார்த்துக்கட்டும். நான் வேணாங்கலையே. சாவியும் இருக்கட்டும்."

பிடிவாதக்காரி. முணுமுணுத்துக்கொண்டே முப்பத்திரண்டு வயர் இழுத்தேன். எப்படி ஓட்டுவது என்று காட்டச் சொல்லியும் நின்றார். நின்றுபோன டிரைவை எழுப்பச் சிவப்புப் பொத்தானை ஒரு தட்டு, ஓட வைக்கச் சாவியை இடது பக்கம் ஒரு திருப்பு. அவ்வளவுதான். ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் போனேன். எட்டு டிரைவிலும் மீதியிருந்த செட்டிங்கை எல்லாம் போட்டு முடித்தேன். எத்தனை விநாடியில் வேகம் பிடிக்க வேண்டும், எவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது, பேச்சு அறுந்தால் என்ன செய்ய வேண்டும், இன்னும் ஒரு முப்பது. இவர் சாப்பாடு கொண்டு வந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். எட்டாவது அறையில் கைநடுக்கம் எடுத்தபோது, "நீ நம்பரைச் சொல்லு, நான் அமுக்கறேன்" என்று அமுக்கினார். இவர் இல்லாவிட்டால் இந்த ஒன்றரை வருஷத்தில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. நேரில் சொன்னால் கிண்டல் செய்வார். இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

முட்டை வைத்தார்கள். எட்டு அறையிலும் தட்டுத் தட்டாக, முப்பதாயிரம். விசிறிகள் ஒரே சீராக ஓடுகின்றன. கன்ட்ரோலர் திரையில் எட்டு பச்சைப் புள்ளி. சும்மா சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

தட்டுக் கழுவும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தட்டுக்காரர் என்று பெயராகிவிட்டது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறார், நாள் முழுக்க விசிலடிக்கிறார். என்னைக் கண்டால் மட்டும் விசிலை நிறுத்திவிட்டு "வணக்கம் மேடம்" என்கிறார். மேடம் எல்லாம் வேண்டாம் அண்ணே என்றேன். "சரிங்க மேடம்" என்றார்.

மார்ச் 16, திங்கள்

ஏழாம் நாள். இருட்டு அறையில் முட்டையை விளக்கின் மேல் வைத்துக் காட்டினார் அடைக்காரம்மா. உள்ளே சிவப்பு நரம்பு, நடுவில் ஒரு கருப்புப் புள்ளி அசைகிறது. இத்தனை வருஷம் பெட்டிக்கும் மூட்டைக்கும் மோட்டார் ஓட்டியிருக்கிறேன். உயிருக்கு ஓட்டுவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 20, வெள்ளி

ஒன்றுமில்லை. நல்ல நாள்.

மார்ச் 25, புதன்

எழுத்து கோணினால் கோணட்டும்.

கைப் பயிற்சிக்குப் பதினொன்றரைக்குக் கிளம்பினேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் நடைவழியில் எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் முட்டைத் தட்டுகளுக்கு விசிறுகிறார்கள். அடைக்காரம்மா ஒவ்வொரு அறையாக முட்டையை இமையில் வைத்துப் பார்த்துக்கொண்டு போகிறார்.

எட்டு விசிறியும் நின்றுவிட்டிருக்கின்றன. பதினாலு நிமிஷம்.

தட்டுக்காரர் புதுக் கழுவும் மெஷினுக்கு இடம் தேடி, நடைவழியில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். அது கன்ட்ரோலருடைய பிளக். அடைக்காரம்மா சாப்பிட உட்கார்ந்தவர், சத்தம் வித்தியாசமாக இருக்கிறதே என்று எழுந்து வந்திருக்கிறார். பார்த்தால் சத்தமே இல்லை. பதினாறு நாள் முட்டை, உள்ளே குஞ்சே சூடு விடும், காற்று நின்றால் தானே வெந்துவிடும். அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, எட்டுக் கதவுக்கும் ஓடி, பொத்தானைத் தட்டிச் சாவியைத் திருப்பியிருக்கிறார். எந்தச் சாவி வேண்டாம் என்று நான் முணுமுணுத்தேனோ அதே சாவி.

முதலாளி தட்டுக்காரரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கத்தினார். "முப்பதாயிரம் உசுருய்யா! நாளையிலேருந்து வராதே!" அந்த மனிதர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "பிளக்கு எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுட்டேங்க" என்று மட்டும் சொன்னார். பிளக்கைப் பிடுங்கினால் விசிறி நிற்கத்தானே செய்யும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நிற்காது. நிற்கவே நிற்காது. விசிறிக்குக் கரண்ட் தனி. அந்த பிளக் போனால் பேச்சுதான் போகும். பேச்சு அறுந்து ஐந்து விநாடி ஆனால் நின்றுவிடு என்று எட்டு டிரைவிலும் எழுதி வைத்தது நான். யோசிக்கவே இல்லை. அந்த செட்டிங் வந்ததும் விரல் தானாகப் போய் 'நிறுத்து' என்று போட்டுவிட்டது. பட்டைக்கு அதுதான் சரி. என் கைக்கு அதுதான் சரியாக இருந்திருக்கும். முட்டைக்கு? முட்டையைப் பற்றி நான் நினைக்கவே இல்லையே. எட்டாவது பெட்டியில் அதை அமுக்கியது இவர், பாவம், நான் சொன்ன நம்பரை.

யாரும் பார்ப்பதற்கு முன்னால் எல்லா டிரைவிலும் மாற்றிவிட்டேன். பேச்சு அறுந்தால் கடைசி வேகத்திலேயே ஓடு, மணியை மட்டும் அடி. பத்து நிமிஷ வேலை.

வாயைத் திறக்கலை. நான் வாயே திறக்கலை. அந்த ஆளு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஈரத்துலயே நடந்து போறார், நான் பார்த்துக்கிட்டு நிக்கறேன். நான்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 26, வியாழன்

காலையில் இவரிடம் சொன்னேன். வேனைக் கிளப்பாமல் கேட்டார். பிள்ளைகளுக்கு நேரமாகிறது என்றேன். "அஞ்சு நிமிஷம் லேட்டானா ஒண்ணும் ஆகாது. நீ போய்ச் சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும். எதுக்கு என்கிட்ட ஒத்திகை பாக்கறே?" என்றார். இப்படி ஒரு மனுஷன்.

முதலாளி அறையில் உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன்.

"சார், அவர் பிளக்கைத்தான் பிடுங்கினார். விசிறியை நிக்கச் சொன்னது நான்."

அவருக்குப் புரியவில்லை. செட்டிங்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அந்த பிளக்கில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை என்பதையும் சொன்னேன். காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"வேற யாருக்காவது?"

"இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவருக்கு நானே போன் பண்றேன். நாளைக்கு வரட்டும். உங்களைப் பத்தி... பொரியட்டும், அப்புறம் பேசலாம்."

வெளியே வந்து அடைக்காரம்மாவிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "பயந்த கை போட்ட நம்பர் அது. அதுக்கென்ன இப்ப? போய்ச் சாப்பிடு" என்றார். முதல் தடவையாக என்னை 'நீ' என்றார். ஸ்டோர் ரூமில் கேபிள் சுருள் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் அந்தச் சாவியைக் கேட்காமல் இருந்திருந்தால்? எத்தனை முறை நன்றி சொன்னாலும் அவர் "சரி சரி" என்றுதான் சொல்வார்.

மார்ச் 27, வெள்ளி

முட்டைகளைப் பொரிக்கும் தட்டுக்கு மாற்றினார்கள். தட்டுக்காரர் வந்துவிட்டார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, எதுக்கு மேடம் பெரிய வார்த்தை எல்லாம்" என்று இரண்டடி பின்னால் போனார். விசில் மட்டும் வரவில்லை. கழுவும் மெஷினைச் சொருகவும் வேறு ஆளைக் கூப்பிடுகிறார். சுவரில் பிளக் இருக்கும் பக்கமே போவதில்லை. என்ன காரியம் செய்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடைப் பேச்சை எடுப்பான் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. "இதைப் போய்ச் சொன்னே பாரு, எனக்கு உன்னைப் பத்தி இனிமே கவலை இல்லடா" என்றான். போனை வைத்த பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, திங்கள்

பொரிந்துவிட்டது!

காலை ஏழு மணிக்கே நடைவழி முழுக்க கீச்சுக் கீச்சென்று சத்தம். கதவைத் திறந்தால் தட்டு முழுக்க ஈர மஞ்சள். சிலது முட்டை ஓட்டைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு முழிக்கிறது. ஏழு அறையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் குறையவில்லை. ஆறாவது அறையில்தான் எழுபத்தொன்று. கடைசியாகச் சாவி திருப்பிய அறை அது. பொரியாத முட்டைகளை ஒதுக்கி வைத்திருந்த கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். எண்ணிக்கைத் தாளைக் காட்டவில்லை. "அடுத்த ஈடு வெள்ளிக்கிழமை வைக்கறோம். அதுக்குள்ள அந்த கன்ட்ரோலருக்குத் தனி லைன் இழுத்துடுங்க" என்றார்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "இன்னொண்ணு. எந்த செட்டிங் போட்டாலும் அடைக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. அவங்க அறை அது" என்றார்.

சரி சார் என்றேன். வேலை நிரந்தரம் என்று அவர் சொல்லவில்லை என்பதே பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லைதான்.

ஏப்ரல் 1, புதன்

அடைக்காரம்மாவோடு உட்கார்ந்து முப்பது செட்டிங்கையும் ஒவ்வொன்றாகப் பேசினேன். இது நின்றால் யாருக்குக் கெடுதல், ஓடினால் யாருக்குக் கெடுதல்? ஒவ்வொன்றுக்கும் இந்த இரண்டு கேள்வி. குஞ்சு பிரிக்கும் பட்டைக்கும் ஒரு டிரைவ் இருக்கிறது. அதற்கு மட்டும் 'நிறுத்து' என்றே போடச் சொன்னார். "அங்க பொண்ணுங்க கை வைக்கறாங்க இல்ல" என்றார். என் கையை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னதற்கும் சேர்த்து அவருக்கு நன்றி.

ஏப்ரல் 2, வியாழன்

அறைகளைக் கழுவி முடித்துவிட்டார்கள். நாளைக் காலையில் முட்டை வருகிறது. சோதனைக்கு இன்றைக்குத்தான் நேரம். காலி அறைகளில் எட்டு விசிறியையும் ஓட விட்டேன். எட்டு பச்சைப் புள்ளி. அடைக்காரம்மா, பெண்கள், முதலாளி எல்லோரும் நடைவழியில் நின்றார்கள்.

தட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்த பிளக்கைப் பிடுங்குங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், என்னை விட்டுடுங்க. வேற யாரையாவது சொல்லுங்க."

"நீங்கதான் பிடுங்கணும். நின்னுச்சுன்னா தப்பு என்னுது. எல்லாரும் கேட்டுக்கட்டும்."

முதலாளியைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். தட்டுக்காரர் கையை வேட்டியில் மூன்று தடவை துடைத்துக்கொண்டு போனார். பிளக்கைப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடுங்கினார்.

திரை அணைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். ஐந்து தாண்டியது. எட்டு பெட்டியிலும் மணி அடித்தது. விசிறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பத்து, இருபது, முப்பது. தட்டுக்காரர் கையில் பிளக்கோடு, கண்ணைத் திறக்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"போதும்ணே, சொருகிடுங்க" என்றேன்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார். "ஓடறதைக் கேட்டுக்கறேன்."